டியூஷன்ல ஆன்லைன் குவிஸ்: அஞ்சு வருஷமா ஓட்டினவன் சொல்றேன்

ஆரணியில இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் போன வாரம் போன் பண்ணான், அவனும் டியூஷன் ஆரம்பிச்சிருக்கான், "டேய், அந்த கேமரா வெச்சு பாக்கற எக்ஸாம் ஆப்பு விலை பாதியா இறங்கிடுச்சு, வாங்கிடட்டா?"ன்னான். அன்னிக்குன்னு பாத்து மூடில்னு (Moodle) ஆன்லைன்ல பாடம், குவிஸ் நடத்தற இலவச சாஃப்ட்வேர்ல நான் ஓட்டற சைட்டு படுத்துகினு இருந்துது, நான் இருந்த கடுப்புல ஏதோ சொல்லி வெச்சுட்டேன். அப்பால யோசிச்சா பாவமா இருந்துது, கேட்டவனுக்கு ஒழுங்கா சொல்லலாம்னுதான் இதை எழுதறேன்.

எனக்கு குடியாத்தம், பிளஸ் ஒன் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எடுக்கறேன். 2020 லாக்டவுன்ல எல்லாரையும் போல நானும் கூகுள் ஃபார்ம்ஸ்லதான் ஆரம்பிச்சேன். காசு இல்ல, லிங்க்கை வாட்ஸ்அப்ல போட்டா முடிஞ்சுது, அதுல என்னென்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பசங்க பக்கத்து வீட்டுப் பையன் பேப்பரை பாத்து அடிக்கறாங்கன்னு கேள்வி வரிசையை கலைச்சு விடற ஆப்ஷனை போட்டேன், பேர் எழுதற கட்டம் பதினேழாவது கேள்வியா போயி உக்காந்துகினுச்சு. விடைகளையும் கலைச்சு விட்டா "மேற்கண்ட அனைத்தும்"ங்கறது முதல் ஆப்ஷனா வந்து நிக்குது, மேல என்னடா கண்டீங்கன்னு பசங்க சிரிக்கறாங்க. நம்ம ஊர் கேள்வித்தாள்ல "அ மற்றும் இ சரி"ன்னு இல்லாத பக்கம் உண்டா, அதெல்லாத்தையும் திருத்தி எழுதவே எனக்கு ஒரு மாசம் போச்சு.

இருந்தாலும் நெஜமான தலைவலி அது இல்ல. வீட்டுல இருந்து எழுதினா எல்லாரும் நாப்பதுக்கு நாப்பது, அதே கேள்வியை கிளாஸ்ல பேப்பர்ல குடுத்தா பதினேழு. பேரண்ட்ஸ் கேக்க ஆரம்பிச்சாங்க, "சார் இன்னா சார் இது, என் பையன் நெஜமாவே படிக்கறானா இல்லையா?" அங்கதான் நான் அந்த கேமரா ஆப்பை வாங்கினேன், ஒரு வருஷ சந்தா, பேர் வேணாம்.

ஒரு வருஷம் அதோட குடும்பம் நடத்தினேன். முகம் தெரியலன்னா வார்னிங், ஸ்கிரீனை விட்டு வெளிய போனா வார்னிங், மூணு வார்னிங் ஆச்சுன்னா பேப்பர் தானா சப்மிட் ஆயிடும். ஒரு பொண்ணு, அவங்க அம்மா பீடி சுத்தறவங்க, வீட்டுக்கே ஒரு போன்தான், எழுதிகினு இருக்கும்போதே அம்மாவுக்கு ரெண்டு கால் வந்துடுச்சு, அப்பால கரண்ட் போயி முகம் இருட்டாயிடுச்சு, மூணு கணக்காச்சு, எட்டு கேள்வியோட பேப்பர் மூடிகினுச்சு. ராத்திரி ஒம்பது மணிக்கு எனக்கு போன் பண்ணி அழுதுது. அதே நாள் இன்னொருத்தன் அண்ணன் போனை கேமராவுக்கு கீழ மடியில வெச்சுகினு, கண்ணை மட்டும் இறக்கி இறக்கி பாத்து, முப்பத்தொம்பது. அவனுக்கு ஒரு வார்னிங்கூட வரல. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு வேலூரைக் கிண்டல் பண்ணுவாங்க இல்ல, அந்த லிஸ்ட்ல திருடனை விட்டுட்ட இந்த கேமரா பூட்டையும் சேத்துக்கலாம்.

சரி, நியாயமா பேசுவோம், ஒழுங்கான பூட்டே இல்லன்னு நான் சொல்லல. சேஃப் எக்ஸாம் பிரவுசர்னு ஒண்ணு இருக்கு, ஸ்விட்சர்லாந்துல இடிஹெச் ஜூரிக் யுனிவர்சிட்டி பண்ணது, இலவசம், மூடிலோட நல்லா ஒட்டும், எக்ஸாம் முடியற வரைக்கும் மெஷினை அசைய விடாது. ஆனா விண்டோஸ், மேக், ஐபேட், ஐபோன் இதுக்குத்தான் இருக்கு, ஆண்ட்ராய்டுக்கு கெடையாது. கூகுள் ஃபார்ம்ஸ்லயும் லாக் மோடு இருக்கு, ஸ்கூல் நிர்வாகத்துல இருக்கற க்ரோம்புக் லேப்டாப்ல மட்டும் ஓடும். என் கிளாஸ்ல முப்பத்திரெண்டு பேரு, எல்லாருக்கும் ஆண்ட்ராய்டுதான், அதுல பாதி ஸ்கிரீன் உடைஞ்சது. அமெரிக்காவுல ஓஹயோவுல 2022ல ஒரு கோர்ட்டு, எக்ஸாமுக்கு முன்னாடி பசங்க ரூமை கேமராவால சுத்தி காட்டச் சொல்றது அரசியல் சட்டத்துக்கு விரோதமான சோதனைன்னே தீர்ப்பு சொல்லிடுச்சு. நம்ம பசங்க ரூமுக்கு எங்க போவாங்க, ஒரே ஹாலு, அதுலயே தறியும் கெடக்கும், தாத்தாவும் படுத்திருப்பாரு.

ஹால்ல உக்கார வெச்சாலும் எல்லாம் சுத்தம்னு இல்லதான், 2024 நீட்ல பசங்களை சோதனை போட்டு உள்ள விட்டும், பாட்னாவுலயும் ஹசாரிபாக்லயும் பேப்பர் லீக் ஆனது உண்மைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு. அவங்களுக்கே அந்த கதின்னா நான் வருஷ சந்தா ஆப்பை வெச்சுகினு யாரை புடிக்கப் போறேன்.

சந்தா முடிஞ்சதும் விட்டுட்டேன். மார்க் வேணும்னா மாசம் ஒரு தடவை ஞாயித்துக்கெழமை நேர்ல வந்து பேப்பர்ல எழுது, நான் நடுவுல நடந்துகினு இருப்பேன், முடிஞ்சுது. ஆன்லைன்ல மார்க்கே கெடையாது, எத்தினி தடவை வேணா போடு. இதுக்குத்தான் ஒரு சின்ன ஹோஸ்டிங் (சைட்டு ஓட்ட வாடகை சர்வர்) வாங்கி மூடிலை ஏத்தினேன், அது 2023.

இங்கதான் நான் எதிர்பாக்காதது நடந்துது. ஃபார்ம்ஸ்ல தப்பு விடைக்கு ஒரே ஒரு கமெண்ட்தான் போடலாம், எதை அழுத்தி தப்பு பண்ணாலும் அதே கமெண்ட். மூடில்ல ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தனியா எழுதலாம். 9 கிராம் தண்ணில எத்தினி ஹைட்ரஜன் அணுன்னு ஒரு கேள்வி, பாதி கிளாஸ் 3.011 × 10²³ அழுத்தும். அதை அழுத்தினா உடனே "நீ மூலக்கூறை எண்ணிட்ட, நான் கேட்டது அணு. ஒரு மூலக்கூறுல எத்தினி ஹைட்ரஜன்?"னு வரும். திரும்ப போட்டா 6.022 × 10²³ வந்துடும். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கற மாதிரி, நான் தூங்கிகினு இருக்கும்போதே நடக்குது. கெங்கையம்மன் சிரசு திருவிழா வாரம், ஊரே ஆத்தங்கரையில இருக்கு, எவன் படிக்கப் போறான்னு சும்மா யார் எத்தினி தடவை போட்டாங்கங்கற பதிவை தொறந்து பாத்தா, மோல் கான்செப்ட் குவிஸை ஒரு பொண்ணு பதினாலு தடவை போட்டிருக்கு. யாருன்னு பாத்தா, அந்த எட்டு கேள்வி பொண்ணு.

புக்கை தொறந்து வெச்சுகினு போட்டா என்ன பண்ணுவன்னு கேட்டான் ஆரணிக்காரன். போடட்டும்டா, புக்கை தொறக்கறான் இல்ல! இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு, ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க 2006ல பண்ணது. நாலு தடவை திரும்பத் திரும்ப படிச்ச குரூப்பு, ஒரு தடவை படிச்சுட்டு மூணு தடவை டெஸ்ட் எழுதின குரூப்பு, அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா படிச்சவங்களுக்குத்தான் ஜாஸ்தி ஞாபகம், 83 சதவீதம், டெஸ்ட் குரூப்பு 71. ஒரு வாரம் கழிச்சு கேட்டா படிச்சவங்க 40, டெஸ்ட் எழுதினவங்க 61. ஆனா ஞாபகத்துல இருந்து எடுத்து எழுதினாத்தான் அந்த பலன், புக்கை பாத்து டிக் அடிச்சா அவ்ளோ கெடைக்காது, அதையும் சொல்லிடறேன். கண்ணை மூடிகினு நாலு ஆப்ஷனையும் வரிசையா அழுத்திப் பாக்கற வானரங்களும் இருக்கு. அதுங்களுக்காக 9 கிராமை ஒவ்வொரு தடவையும் 27, 36ன்னு மாத்தி விடற கேள்வி வகையை கத்துகினேன், மூடில்ல அது இருக்கு, கத்துக்கறதுக்குள்ள முடி கொட்டிடுச்சு.

இப்ப கடுப்பு எங்கன்னா, மூடில் இலவசம்னு சொல்றவன் எவனும் அதை ஓட்டிப் பாத்ததில்ல. போன வாரம் ஹோஸ்டிங்காரன் மூடில் ஓடறதுக்கு அடியில இருக்கற பிஹெச்பிங்கற சாஃப்ட்வேரோட வெர்ஷனை மாத்தினான், என் பழைய மூடில் அதுல ஓடாது, வெள்ளை ஸ்கிரீன். ரெண்டு நாள் நானே நோண்டினேன், சரியாவல, காட்பாடியில தெரிஞ்ச தம்பி ஒருத்தனுக்கு ஆயிரத்தி ஐநூறு குடுத்து அப்டேட் பண்ண வெச்சேன், பாதி படம் காணோம், எல்லாத்தையும் திரும்ப ஏத்தணும். கேள்வி சேக்கற பக்கம் பதினாறு செட்டிங், போன்ல தொறந்தா கண்ணு அவிஞ்சுடும். கெமிஸ்ட்ரி வாத்தியா, சர்வர் மெக்கானிக்கா நான்?

அதனால அன்னிக்கு அந்த கடுப்புல ஆரணிக்காரனுக்கு நான் சொல்லி வெச்சது இதுதான்: கேமரா ஆப்பு சும்மா குடுத்தாலும் வேணாம், மூடிலும் வேணாம், ஃபார்ம்ஸே போதும், பேர் கட்டத்தை மட்டும் தனி செக்‌ஷன்ல போடு, இல்லன்னா அதுவும் கலைஞ்சு போவும்.

"அப்ப நீ மூடிலை தூக்கிடுவியா?"ன்னான்.

வெச்சிடறேன்டா, ஈக்விலிப்ரியம் பாடத்துக்கு நாப்பது கேள்வி படம் ஏத்தணும், அந்த பொண்ணு காலையிலயே ரெண்டு தடவை கேட்டுடுச்சுன்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.