பாளையங்கோட்டை வீடா, வண்ணார்பேட்டை மாடியா?

என் மைனி (அண்ணி) திருநெல்வேலியில் மழலையர் பள்ளி தொடங்க இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று பாளையங்கோட்டையில் முற்றத்தோடு பழைய காரை வீடு. இன்னொன்று வண்ணார்பேட்டையில் கடைகளுக்கு மேலே முதல் மாடி. புதுக் கட்டடம், பஸ் வசதி உண்டு, வாடகைதான் கூடுதல்.

எந்த இடமானாலும் அங்கீகாரத்துக்கு நான்கு தாள்கள் வேண்டும்: பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. உறுதிச் சான்று மாடிக்குச் சுலபமாகக் கிடைக்கும். பழைய வீட்டில் சுவர் வெடிப்பைப் பூசி, கழிப்பறையைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். செலவுதான்.

ஆனால் தீ விஷயத்தில் மாடி என்னைப் பயமுறுத்துகிறது. இருப்பது ஒரே படிக்கட்டு, அதிலும் பாதியைக் கடைக்காரரின் அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கின்றன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனதை யார் மறக்க முடியும்? மூன்று வயதுப் பிள்ளை ஒவ்வொரு படியாக உட்கார்ந்துதான் இறங்கும். வீட்டிலோ முன்வாசல், பின்வாசல் இரண்டும் தரைமட்டம். பின்கட்டில் இருக்கும் ஓலைச் சாய்ப்பை மட்டும் முதலில் பிரித்துப் போட வேண்டும்.

அப்புறம், சான்றுகளுக்குக் காலக்கெடு உண்டு. புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் வாடகை ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் போடாமல், பல வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்யச் சொன்னேன். வீட்டுக்காரர் சம்மதித்தால் மைனிக்குப் பாளையங்கோட்டைதான்.