கோடை விடுமுறை: தாத்தா வீட்டிலேயே தங்குவதா, உறவினர் வீடுகளைச் சுற்றி வருவதா?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் வடசென்னைதான். என் பெற்றோர் திருவொற்றியூர் தேரடிக்கு அருகிலும் மனைவியின் பெற்றோர் பெரம்பூரிலும் வசிக்கிறார்கள். பெரியம்மா காசிமேட்டில், சித்தப்பா கொளத்தூரில், அத்தை மீஞ்சூரில், மனைவியின் அண்ணன் வியாசர்பாடியில் என்று மற்றவர்களும் அந்த வட்டாரத்துக்குள்தான். ஆறு வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் அழைத்துக்கொண்டு வரும் எங்களுக்கு ஒவ்வொரு கோடையிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வோர் உறவினர் வீட்டிலும் ஓரிரு இரவுகள் தங்கிச் சுற்றி வருவது ஒன்று. தாத்தா வீட்டை இருப்பிடமாக வைத்துக்கொண்டு மற்ற வீடுகளுக்குப் போய்விட்டு அன்றே திரும்புவது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்த பிறகு நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அலசலில் அதற்கே அதிக இடம் கிடைக்கும்.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. சுற்றி வந்தால் ஆட்டோக் கட்டணமும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கிச் செல்லும் பழம், பூ, பிஸ்கட்டும் சேரும். ஒரே வீட்டில் தங்கினால் அந்த வீட்டின் மளிகைச் செலவை நாம் ஏற்க வேண்டும். துணிப்பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமான தொல்லையை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அருகிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பெற்ற தாய் உயிருடன் இருக்கும்போது சொந்த ஊரில் லாட்ஜில் தங்கியவன் என்ற பெயரைச் சுமக்கும் துணிவு எனக்கு இல்லையாதலால் அந்த வழியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த ஒப்பீட்டில் ஊரின் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. உறவினர்கள் ஆளுக்கொரு கிராமத்தில் இருக்கும் மாவட்டங்களில் ஒரு வீட்டுக்குப் போனால் இரவு தங்கித்தான் திரும்ப முடியும். வடசென்னையில் அப்படி இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, தேரடியில் ஏறித் தண்டையார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் காசிமேடு வந்துவிடுகிறது. மீஞ்சூருக்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இருக்கிறது; எண்ணூர், அத்திப்பட்டு என்று நின்று நின்று போவது பெரியவர்களுக்கு அலுப்பாக இருந்தாலும் என் மகனுக்கு அதுவே விளையாட்டு. பெரம்பூர் மட்டும் சற்றுச் சிக்கலானது. ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கி, குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு வண்டி மாற வேண்டும். சாலை வழியாகப் போவதென்றால் துறைமுகத்துக்கு வந்து போகும் கன்டெய்னர் லாரிகளும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும் நம் நேரத்தைத் தீர்மானிக்கும். அப்படியிருந்தும், இங்கே யார் வீட்டிலும் இரவு தங்கியாக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தூரம் உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்குவது உறவினரின் அன்பும், தங்காவிட்டால் வரும் மனத்தாங்கலும்தான்.

இனி என் முடிவைத் தீர்மானித்த ஒரே காரணத்துக்கு வருகிறேன். அது குழந்தைகளின் தூக்கம்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும், உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வீடு வீடாகச் சுற்றும்போது இந்த இரண்டுமே தவறிவிடுகின்றன. வடசென்னையில் பெரும்பாலான உறவினர் வீடுகள் ஒரு கூடமும் ஓர் அறையும் கொண்ட போர்ஷன்கள். விருந்தினருக்குப் பாய் விரிக்கும் இடம் கூடம்தான், தொலைக்காட்சி ஓடும் இடமும் கூடம்தான். வேலைக்குப் போனவர்கள் ஒன்பது மணிக்குத் திரும்பி, குளித்து, குழந்தைகளைக் கொஞ்சி, சாப்பிட்டு முடிக்கப் பத்தரை ஆகிவிடும். அதுவரை உறங்காத பையன் அதற்கு மேல் உறக்கத்தைத் தாண்டி ஆட்டம் போடத் தொடங்குவான். பதினொன்றரைக்குக் கண் மூடினால், விடிவதற்குள் தண்ணீர் மோட்டார் ஓடும், பால்காரர் வருவார், மாமாவோ சித்தப்பாவோ முதல் ஷிப்டுக்குக் கிளம்புவார்கள். கூடத்தில் படுத்தவர்களும் எழுந்துகொள்ள வேண்டியதுதான். இரவில் இழந்ததைப் பகலில் ஈடு செய்யலாம் என்றால், மதிய விருந்து இரண்டு மணிக்கு முன்னால் இலைக்கு வராது. சாப்பிட்டு முடித்ததும் அக்கம்பக்கத்தினர் குழந்தைகளைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

ஓர் இரவு இப்படிப் போனால் குழந்தை தாங்கிக்கொள்ளும். வீடு மாறிக்கொண்டே போகும்போதுதான் கடன் ஏறுகிறது. மூன்றாவது வீட்டுக்கு வந்து சேரும் பையன் சோற்றைத் தள்ளிவிடுவான், யார் தூக்கினாலும் அலறுவான், தம்ளரின் நிறம் சரியில்லை என்று அழுவான். அந்த வீட்டார் அவனைப் பார்ப்பது ஆண்டுக்கு ஒருமுறை. அவர்கள் பார்ப்பது இந்த அழுமூஞ்சியைத்தான். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க’ என்ற தீர்ப்பும் அங்கேயே எழுதப்பட்டுவிடும். உறவு வளர வேண்டும் என்பதற்காகத்தான் சுற்றுகிறோம். சுற்றுகிற முறையே குழந்தையை யாரும் விரும்பாத நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்றால், அந்த முறையில் பயன் என்ன?

புதிய இடத்தில் முதல் இரவு சரியாக உறக்கம் வராது என்பது பெரியவர்களும் அறிந்ததே. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, புது இடத்தில் முதல் இரவு ஆழ்ந்த உறக்கத்தின்போதும் மூளையின் இடது பாதி வலது பாதியைவிடக் குறைவாகவே உறங்குகிறது, சின்ன ஓசைக்கும் எச்சரிக்கையாக இருக்கிறது என்று காட்டியது. அது பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வு. ஆகவே என் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும், வீடு மாறுவது என்பது முதல் இரவைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொள்வது என்ற அளவுக்கு அந்த ஆய்வு எனக்குப் பயன்பட்டது. தாத்தா வீட்டிலும் தொடக்கத்தில் ஓரிரு இரவுகள் சரியாக அமைவதில்லை. அதன் பிறகு அதே மூலை, அதே மின்விசிறியின் கடகடச் சத்தம், ஆயா என்று அவர்கள் அழைக்கும் என் அம்மாவின் அதே பழைய புடவை விரிப்பு என்று பழகிவிடுகிறது; ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தால் கேள்வி கேட்காமல் படுத்துக்கொள்கிறார்கள்.

பகல் தூக்கத்துக்கும் இருப்பிடம் ஒன்றாக இருப்பதே நல்லது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் கத்திரி வெயிலில் பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதற்கு இல்லை. தேரடிப் பக்கம் கடல் அருகில் என்பதால் கடற்காற்று நுழைந்ததும் வீடு சற்றே தணிகிறது. பெரம்பூரிலும் கொளத்தூரிலும் அதே காற்று தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. மேற்குக் காற்று ஓங்கிவிட்ட நாள்களில் கடற்காற்று யாருக்கும் நேரத்தில் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான கோடையைப் பார்த்தவர்கள் நாம். அத்தகைய நாள்களில் ஆட்டோவில் பையும் குழந்தையுமாக வீடு மாறுவதைவிட, ஜன்னலில் ஈரத்துணி கட்டிய தெரிந்த அறையில் படுக்க வைப்பது மேல். தாத்தாவும் ஆயாவும் அந்த நேரத்தில் சற்றுக் கண்ணயர்வார்கள். பிள்ளைகளின் தூக்கத்தால் முதலில் பயன் பெறுவது உண்மையில் அவர்கள்தான்.

அப்படியானால் உறவினரின் மனத்தாங்கலை என்ன செய்வது? ‘எங்க வூட்ல ஒரு ராத்திரி தங்கினா கொறைஞ்சிடுவியா?’ என்று மீஞ்சூர் அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆனால் மெல்ல ஒரு வழி புலப்பட்டது. மதிய விருந்துக்கு ஒப்புக்கொள்வதை விட்டு, காலைப் பலகாரத்துக்கு வருவதாகச் சொல்லத் தொடங்கினோம். ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நன்றாக உறங்கி எழுந்த பிள்ளைகள் சிரித்த முகத்துடன் இருக்கிறார்கள், வெயிலும் ஏறியிருப்பதில்லை. பெரியம்மாவின் ஆப்பமும் பாயாவும் எந்த மதிய விருந்துக்கும் குறைந்தவை அல்ல. பதினொரு மணிக்குள் திரும்பிவிடலாம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குகிறோம். விடுமுறையின் நடுவில் ஒரு மாலை எல்லோரையும் தாத்தா வீட்டு மொட்டை மாடிக்கு அழைத்து, பெரியவர்களுக்கு அத்தோ, பேஜோ என்ற பர்மா உணவுகளும் பிள்ளைகளுக்கு இட்லியும் வாங்கிப் பரிமாறிவிட்டால், நம் வீட்டுக்கு வந்தாயா, அவர்கள் வீட்டுக்குப் போனாயா என்ற கணக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

விருந்து தரும் வீட்டாரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டிலேயே மீன் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். ஆனாலும் கோயம்புத்தூரிலிருந்து வந்த பிள்ளைக்கு வஞ்சிரம் வறுக்காமல் பெரியம்மா விடமாட்டார். ஒரு வேளைக்கு என்றால் அது அவருக்கு மகிழ்ச்சி. நான்கு பேர் இரண்டு நாள் தங்கினால் அவர் வாய்விட்டுச் சொல்லாத பாரம். தண்ணீரும் அப்படித்தான். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்த பிறகு வடசென்னையின் நிலை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது என்றாலும், மே மாதத்தில் லாரித் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் நம்பியிருக்கும் வீடுகளில் நால்வர் கூடுதலாகக் குளிப்பது சின்ன விஷயம் அன்று.

சுற்றி வரும் முறைக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அத்தை மகன், மாமா மகள் என்ற உறவு, ஒரே பாயில் படுத்து விளக்கணைத்த பிறகு பேசிக் கிடப்பதில் ஊறுவது போல் காலைப் பலகாரத்தில் ஊறாது. அதை நானே அனுபவித்து வளர்ந்திருக்கிறேன். வெளியே வர முடியாத முதியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு மூன்று மணி நேரம் போய் வருவது போதுமான வருகையும் ஆகாது. மேலும், சுற்றி வந்தால் சுமை பல வீடுகளுக்குப் பகிர்ந்து போகும். ஒரே வீட்டில் தங்கினால் எழுபதைத் தொடும் என் அம்மாவின் தலையில்தான் எல்லாம் விழும். இந்தக் கடைசிக் குறையை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். சமையலை நானும் மனைவியும் எடுத்துக்கொண்டு, துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருபவருக்கு அந்த மாதம் கூடுதலாகக் கொடுக்காவிட்டால், ஒரே வீட்டில் தங்குவது குழந்தைகளுக்கு நல்லதாகவும் ஆயாவுக்குத் தண்டனையாகவும் முடியும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், தாத்தா பாட்டி இரு பக்கமும் இருப்பது. பெரம்பூரில் இருப்பவர்களைக் காலைப் பலகாரத்தோடு முடித்துக்கொள்ளச் சொன்னால் அது நியாயமும் ஆகாது, எங்கள் வீட்டில் நடக்கவும் நடக்காது. எனவே எங்கள் வழக்கத்தில் இருப்பிடம் இரண்டு. விடுமுறையின் முற்பாதி ஒன்றில், பிற்பாதி மற்றொன்றில், நடுவில் ஒரே ஒரு முறை மாற்றம். மேற்கிலிருந்து சென்னைக்கு வரும் ரயில்களில் சில பெரம்பூரில் நின்று செல்வதால் முதலில் அங்கே இறங்கிக்கொள்வது எளிது. நடுவில் வீடு மாறுவதை நாங்கள் மாலை ஐந்து மணிக்கு மேல், பிள்ளைகள் மதியம் உறங்கி எழுந்த பிறகே வைத்துக்கொள்கிறோம். புது வீட்டில் அன்று இரவு விருந்து வேண்டாம், ரசம் சாதம் போதும் என்று தன் மாமியாரிடம், அதாவது என் அம்மாவிடம், சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது என் மனைவியின் பொறுப்பு.

நான் சொன்னவை மூன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியவை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாங்கள் கோடையில் பயணம் செய்ததில்லை. பால் குடிக்கும் பிள்ளை எங்கும் உறங்கிவிடும் என்று சிலர் சொல்வதை என் அனுபவத்தால் உறுதிப்படுத்த முடியாது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகவும் மாறலாம். என் மகளே இப்போது வியாசர்பாடி மாமா வீட்டில் தனியாக ஓர் இரவு தங்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். மறுநாள் பயணமோ விருந்தோ இல்லாத ஒரு சனிக்கிழமை இரவு அனுப்பி வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். தம்பி எங்களுடன் தாத்தா வீட்டிலேயே இருப்பான்.