0.1 கிராம் தராசு: பி.கே.யு. குழந்தை இருக்கும் வீட்டில் நான்கு மாதம்

இந்தத் தராசை நகைக்கோ காபித் தூளுக்கோ வாங்குகிறவர்களுக்கு என் புலம்பல் கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். நான் வாங்கியது ஆறு வயது மகளின் சோற்றுக்கு அரிசி நிறுக்க.

அவளுக்கு பி.கே.யு. (ஃபீனைல்கீட்டோனூரியா) என்ற பிறவிக் கோளாறு. சாப்பாட்டுப் புரதத்தில் ஃபீனைல்அலனின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அதை டைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலமாக மாற்றும் நொதி அவள் உடம்பில் சரியாக வேலை செய்யாது. ரத்தத்தில் அது தேங்கிக்கொண்டே போனால் மூளையைப் பாதிக்கும். நான் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. பழுதான மரபணு எங்கள் இரண்டு பேரிடமும் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. பிறந்த நான்காம் நாள் குதிகாலில் ஊசி குத்திப் பார்த்ததால் பிழைத்தோம்.

இப்போது அவளுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் ஃபீனைல்அலனின்தான் கணக்கு. பச்சரிசி 10 கிராமில் ஏறக்குறைய 35 போய்விடும். துவரம்பருப்பு 10 கிராமில் 180க்கு மேல், அதனால் சாம்பார் என்ற பேச்சே கிடையாது. பால், முட்டை, கறி எல்லாம் அப்படித்தான். மீதிப் புரதத்துக்கு ஃபீனைல்அலனின் நீக்கிய அமினோ அமிலப் பவுடர், மூன்று வேளை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள். நான் ஒருமுறை ருசி பார்த்தேன், அதற்குப் பிறகு அவளை எதற்கும் திட்ட மனம் வருவதில்லை. நல்ல வேளை, எங்கள் ஊர் சேலம். மரவள்ளி மாவில் செய்யும் ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். உப்புமா, கஞ்சி, வடகம் என்று அதை வைத்துத்தான் வயிற்றை நிரப்புகிறேன்.

சரி, தராசுக்கு வருகிறேன். முன்பு இருந்தது ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சாதாரணச் சமையலறைத் தராசு. கம்பெனி பெயர் வேண்டாம். மாதம் ஒருமுறை விரலில் குத்தி, ரத்தத்தை அட்டையில் இருக்கும் வட்டங்களில் சொட்டவிட்டு, காயவைத்து கூரியரில் அனுப்புவோம். (அட்டையில் ரத்தம் எடுக்கும் இந்த வழியைப் பரவலாக்கியவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர், 1960களில்.) ரத்தத்தில் ஃபீனைல்அலனின் அளவு லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு எப்போதும் 300 பக்கம் வரும். பிப்ரவரியில் 470 வந்தது.

காய்ச்சல் வந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும், அப்போது அளவு ஏறும். ஆனால் அந்த மாதம் அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அப்புறம் என் சந்தேகம் மாமியார் மேல் போனது. அத்தைக்குப் பேத்தி என்றால் உயிர், மடியில் எப்போதும் முறுக்கு இருக்கும். ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டயட்டீஷியன்தான் போனில் கேட்டார்: "அரிசியை மொத்தமாக் கொட்டுவீங்களா, கொஞ்சம் கொஞ்சமாப் போடுவீங்களா?" நான் கடைசியில் சிட்டிகை சிட்டிகையாகப் போடுகிற ஆள். 10 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் பிடித்து, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். 10 கிராம் காட்ட வேண்டும். விட்டேன், விட்டேன், எண் லேசில் நகரவே இல்லை. சிரிஞ்ச் காலியானபோது 4 என்று நின்றது. சில தராசுகள் சின்னச் சின்ன எடை மாற்றத்தை ஆட்டம் என்று நினைத்துத் தாமே கழித்துவிடுமாம். பழைய தராசில் நான் 40 கிராம் என்று நிறுத்த அரிசியை இந்தப் புதுத் தராசு வந்ததும் வைத்துப் பார்த்தேன்: 47.2. இரண்டு வேளைக்கும் சேர்த்தால் தினமும் 50 மில்லிகிராம் கூடுதல்.

புதியதில் அதே சொட்டு சோதனைக்கு 9.9 வந்தது. திங்கள்கிழமை தோறும் செய்கிறேன், நான்கு மாதத்தில் 9.8க்குக் கீழே போனதில்லை. கடைசி இரண்டு ரத்த அட்டையும் 310, 285.

குறைகளும் உண்டு. மின்விசிறி ஓடினால் எண் 0.3 வரை ஆடும், ஏப்ரல் மாத சேலத்தில் விசிறியை நிறுத்திவிட்டு நிறுப்பது தவம். ஒரு நிமிடம் சும்மா விட்டால் தானே அணைந்து, கிண்ணத்தின் எடையைக் கழித்து வைத்ததும் போய்விடும். அதனால் ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் மார்க்கரில் எடையை எழுதிவிட்டேன், அவள் தம்ளரில் 82.4 என்று இருக்கும். 500 கிராமுக்கு மேல் தாங்காது, சாப்பாட்டுத் தட்டோடு வைக்க முடியாது. பேட்டரியும் பெட்டியில் வரவில்லை. ஒரு நட்சத்திரம் குறைத்தது தானே அணைவதற்குத்தான், மற்றதைச் சமாளிக்கலாம்.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். பழைய தராசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைத் தூக்கிப் போட்டுடாத, வடகத்துக்கு மாவு நிறுக்க எனக்கு ஆகும்" என்றார்.