கல்யாண மேக்கப்புக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமைதான் கும்பகோணத்தில் என் தங்கை கல்யாணம் முடிந்தது. சீர் பலகாரம்கூட இன்னும் தீரவில்லை, அதற்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காரணம், அவளுக்கு மேக்கப் செய்ய எங்களிடம் முன்பணம் வாங்கிய அதே ஆட்கள் ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போதே முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், இன்று காலையில்கூட ஸ்டோரி போட்டிருந்தார்கள். எங்களுக்குப் போனது 22,000 ரூபாய். கல்யாணத்தன்று பெண்கள் கவனிக்காமல் விடுகிற சின்னச் சின்ன விஷயங்களைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பேர் போடவில்லை. திருச்சியில் ஸ்டுடியோ வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் ஆள் பிடிக்கிற மணப்பெண் அலங்காரக்காரர்கள், அவ்வளவு போதும். மேக்கப், ஜடை, புடவைக் கட்டு, வாடகை நகை செட் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று ஒரே பேக்கேஜ். என் சீட்டுப் பணத்தில் தங்கைக்கு நான் செய்ய ஆசைப்பட்டது இது.

ஸ்டுடியோவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்டுடியோ நடத்துகிற அந்த அம்மா தங்கையின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, தாடை ஓரத்தில் மூன்று ஷேடு தடவிப் பார்த்து, "இந்த நிறத்தை வெளுக்க வைக்கக் கூடாதும்மா, இருக்கிற நிறத்தையே எடுத்துக் காட்டணும், நானே வந்து செய்றேன், அசிஸ்டென்ட் கையில விடவே மாட்டேன்" என்றார். அப்புறம் வெல்வெட் பெட்டியைத் திறந்து நெற்றிச்சுட்டியை எடுத்து அவளுக்கு வைத்துக் காட்டினார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி பேசுதுடி, இவங்களே இருக்கட்டும்" என்றாள். அங்கேயே ஜிபேயில் 10,000 அனுப்பினேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் "நகை செட்டை வேற பார்ட்டி கேக்குறாங்க சிஸ்டர்" என்று சொல்லி இன்னொரு 12,000 வாங்கினார்கள். மொத்தம் 22,000. வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே.

காலை ஏழரை ஒன்பது முகூர்த்தம். மூன்று மணிக்கு வந்துவிடுவோம் என்றவர்கள் ஐந்து மணிக்குப் பக்கத்தில்தான் வந்தார்கள், அதுவும் அந்த அம்மா இல்லை, கல்லூரி வயசில் இரண்டு பெண் பிள்ளைகள், ராத்திரி பஸ் பிடித்து வந்த களைப்பு முகத்திலேயே தெரிந்தது. "மேடம் தஞ்சாவூர்ல ஒரு பிரைடு முடிச்சிட்டு வந்துருவாங்க." கடைசிவரை வரவில்லை. ஆனியில் முகூர்த்தம் குறைவு, ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் வைகாசி வளர்பிறை நாளில் ஊரில் உள்ள எல்லா மண்டபமும் நிரம்பிவிடும். அந்த ஒரே நாளுக்கு நாலைந்து வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு, எல்லா வீட்டிலும் "நானே வர்றேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். யார் வீட்டுக்கு அந்த அம்மா போனாரோ தெரியாது, எங்கள் வீட்டுக்கு இல்லை.

நகைப் பெட்டியைத் திறந்தால் ராக்கொடி இல்லை. மாட்டல் ஒன்றுதான் இருக்கிறது. கையில் போடுகிற வங்கியில் திருகு போய் நூலால் கட்டியிருந்தார்கள். தாடையில் தடவிப் பார்த்த ஷேடு எங்கே என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, கையில் இருந்த வெளிர் ஷேடைப் பூசி, முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறமாக ஆக்கிவிட்டாள். கொண்டை ஊசி பத்தாமல் என் சித்தியின் தலையில் இருந்து எடுத்துக் கொடுத்தோம்.

இதைவிடப் பெரிய கொடுமை கூறைப்புடவை. முதல் நாள் சாயங்காலமே வாங்கி மடிப்பு எடுத்து அயர்ன் செய்து வைத்துவிடுவோம் என்பது பேக்கேஜில் சொன்னது. யாரும் வந்து கேட்கவே இல்லை. பெரியவர்கள் எல்லாம் தொட்டு ஆசீர்வாதம் செய்து, தட்டில் வைத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வர உள்ளே போனவள் வரவே இல்லை. புதுப் பட்டு, விறைப்பாக நிற்கிறது, அந்தப் பிள்ளை கொசுவம் வைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். வெளியே ஐயர் "பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் என் பெரியம்மாதான் ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு கடகடவென்று கட்டிவிட்டாள்.

தாலி கட்டும்போது நாத்தனார் பின்னால் நின்று ஜடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் இல்லையா. தூக்கினார். சவுரியோடு ஜடை மொத்தமும், பூ, குஞ்சலம் எல்லாம் சேர்ந்து அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது. கெட்டிமேளம் முழங்குகிறது, அவர் ஒரு கையில் ஜடையை வைத்துக்கொண்டு மறு கையால் முடிச்சுப் போட முடியாமல் திணறுகிறார், என் தங்கை தலையை நிமிர்த்தவே இல்லை. வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. வெட்ட முடியாத இடம் அது, தாலி கட்டும் இடம்.

மறுநாள் போன் செய்தால் "மேடம் டிராவல்ல இருக்காங்க". அடுத்த நாள் அந்த அம்மாவே எடுத்து, "பொண்ணு எல்லா போட்டோவுலயும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கு, அப்புறம் என்ன குறை?" என்கிறார். கல்யாண மேடையில் ஒரு பெண் அழுதுகொண்டா நிற்பாள்? 22,000 வாங்கியிருக்கிறீர்களே, நீங்கள் வரவே இல்லையே என்றால், "டீம் வந்துச்சுல்ல, என் டீம்னா நான்தான்". முன்பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். அதற்கு மேல், நகை செட்டில் ஒரு கல் விழுந்திருக்கிறதாம், நாங்கள்தான் 3,000 தர வேண்டுமாம்! இன்ஸ்டாவில் கமென்ட் போட்டேன், அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். என் தங்கை படத்தை மட்டும் ஃபில்டர் போட்டுத் தங்கள் வேலை என்று இன்ஸ்டா பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துதான் எனக்கு வயிறு எரிந்தது.

மீதி 8,000-ஐ நாங்கள் கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. அதில் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

சொல்கிறேன் என்றவை, தோன்றுகிற வரிசையில். அன்று கை வைக்கப்போவது யார் என்று பேரோடு வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது. பாதிக்கு மேல் பணம் தாலி ஏறிய பிறகுதான். கூறைப்புடவையை முதல் நாளே உங்கள் வீட்டு ஆளை வைத்து மடிப்பு எடுத்துவிடுங்கள். வாடகை நகையை வாங்கும்போதே திருகு, கொக்கி, ஜோடி எல்லாம் பார்த்து, கல் விழுந்திருந்தால் போட்டோ எடுத்து உடனே அனுப்பிவிடுங்கள். ஜடை வைத்ததும் யாராவது ஒருவர் பின்னால் நின்று தூக்கிப் பார்க்கட்டும். ஹோமப் புகை முகத்துக்கு நேராக வரும், கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். ஊக்கு, கொண்டை ஊசி, பொட்டு அட்டை ஒரு சுருக்குப்பையில் போட்டுப் பொறுப்பான ஒருத்தியிடம் கொடுத்து வையுங்கள்.

திருச்சி, தஞ்சாவூர் பக்கம் ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அந்த இன்ஸ்டா பக்கத்தின் அடையாளம் சொல்கிறேன்.