சாணை பிடிக்கக் கொடுத்த இரண்டு கத்தி, போனது 1,180 ரிங்கிட்: கே.எல். மக்களே, கவனம்

கோலாலம்பூரில் நல்ல சமையல் கத்தி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நேற்று இரவுதான் சாணை பிடித்த கடையிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிட்டு, நல்ல கத்தியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இடம், பேரங்காடிக்குள் இருக்கும் ஒரு சமையல் சாமான் கடையின் சாணைக் கவுண்டர். முன்பதிவும் பணமும் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக. பெயர் எதையும் இங்கே போடவில்லை, ஏனென்று கடைசியில் தெரியும். கொடுத்தது இரண்டு கத்தி. ஒன்று 210 மில்லிமீட்டர் கியூட்டோ (எல்லா நறுக்கலுக்கும் ஆகும் ஜப்பான் கத்தி), நடு எஃகு விஜி-10 என்ற துருப்பிடிக்காத வகை, விலை 620. இன்னொன்று காய் நறுக்கும் ஜப்பான் கத்தி நக்கிரி, ஆவோகாமி என்ற துரு பிடிக்கும் கார்பன் எஃகு, மக்னோலியா மரக் கைப்பிடி, எருமைக் கொம்பு வளையம், விலை 480. சாணைக் கூலி கத்திக்கு 40 வீதம் 80. மொத்தம் 1,180 ரிங்கிட். கடைக்குப் போகும்போது இரண்டிலும் துரு கிடையாது. கூர் கொஞ்சம் மழுங்கியிருந்தது, கியூட்டோவின் முனையில் கடுகளவு உடைப்பு. வேறு எந்தக் குறையும் இல்லை.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்னொருவரும் அங்கேயேதான் ஏமாறுவார். கவுண்டரில் தண்ணீர்த் தொட்டி, அதில் 1000, 3000, 6000 எண் சாணைக் கற்கள் (எண் கூடினால் கல் நைசு) ஊறிக்கொண்டிருந்தன. கவுண்டரில் இருந்தவர் கத்தியை வாங்கி விளக்குக்குக் கீழே சாய்த்து, விளிம்பை நேராகக் கண்ணுக்குக் கொண்டுவந்து பார்த்தார். கூராக இருக்கும் விளிம்பு கண்ணுக்கே தெரியாது, மழுங்கிய இடம்தான் வெளிச்சம் பட்டு மின்னும். மின்னிய இடங்களை ஒன்று விடாமல் நகத்தால் தொட்டுக் காட்டினார். "இத ரெண்டு பக்கமும் 15 டிகிரில எடுக்கணும் அண்ணே. ஜெர்மன் கத்தி மாதிரி 20 வச்சா வீணாப் போயிரும்" என்றார். நக்கிரியைப் பார்த்ததும், "இது துரு பிடிக்கிற இரும்பு, தொடச்சுத் தொடச்சுத்தான் பண்ணணும்" என்றார். அத்தனையும் சரியான பேச்சு. "மிஷின்ல வைக்க மாட்டீங்கதானே?" என்று நேராகவே கேட்டேன். "ஐயோ, இதப் போயி யாராச்சும் மிஷின்ல வைப்பாங்களா? கல்லுதான், கைதான்" என்றார். ரசீதிலும் 'நீர்க்கல், கைச்சாணை' என்றே அச்சடித்திருந்தது. அந்தக் கற்கள் காட்சிக்கு வைத்தவை என்பதும், கத்திகள் மூட்டையாக வேறொரு பட்டறைக்குப் போகின்றன என்பதும் தகராறு வந்த பிறகுதான் அவர்கள் வாயிலிருந்தே வந்தது.

திருப்பிக் கொடுக்கும்போது ரசீதுத் தாளைத் தொங்கவிட்டு கியூட்டோவால் சரசரவென்று கிழித்துக் காட்டினார்கள். இந்தத் தாள் வித்தையை யாரும் நம்பாதீர்கள். சாணை பிடிக்கும்போது விளிம்பின் மறுபக்கம் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். அதைக் கல்லில் எடை குறைத்து, பக்கம் மாற்றி மாற்றி இழுத்து எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்தப் பிசிறே பிளேடு மாதிரி தாளைக் கிழிக்கும், முடியைக்கூட வெட்டும். பலகையில் நாலு வெங்காயம் நறுக்கியதும் மடங்கிவிடும். இங்கே அதுதான் நடந்தது. அன்று இரவே தக்காளித் தோலில் கியூட்டோ வழுக்கியது.

வெளிச்சத்தில் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. விளிம்புக்குச் செங்குத்தாக, ஒரே அளவில், நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல்கள். 1000 எண் கல் அப்படிக் கீறாது. அது காய்ந்த சாணைச் சக்கரத்தின் வேலை. நம் ஊர் மின்சாரத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். நக்கிரியின் முனையோரம் விரல் அகலத்துக்கு வைக்கோல் நிறமும், அதன் நடுவில் கருநீலமும் படிந்திருந்தது. பக்கவாட்டில் பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறார்கள், முனையில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

அந்த நிறத்தைக் கறை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அது எஃகு எவ்வளவு சூடேறியது என்பதற்கான அத்தாட்சி. சாதாரண கார்பன் எஃகில் வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வரும், நீலம் வர 300-ஐ நெருங்க வேண்டும். இந்தக் கத்திகளுக்குப் பட்டறையில் பதம் வைப்பது, அதாவது கடினமாக்கிய எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்குவது, பொதுவாக 150 முதல் 200 டிகிரிக்குள். அதைத் தாண்டிய இடத்தில் பதம் இறங்கிவிடும். ராக்வெல் என்ற அளவுகோலில் 60-க்கு மேல் இருந்த கடினத்தன்மை அந்த விளிம்பில் மட்டும் சரிந்துவிடும், பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. விளிம்பு மிக மெல்லியது. சூட்டை வாங்கிக் கடத்த அங்கே உலோகமே இல்லை. அதனால் சக்கரம் பட்ட நொடியிலேயே சுட்டுவிடும். "தண்ணில முக்கி முக்கித்தான் பண்ணோம்" என்று பிறகு சொன்னார்கள். முக்குவதற்கு முன்பே பதம் போய்விடுகிறது, அப்புறம் முக்கி என்ன பயன்?

கியூட்டோவில் நிறம் இல்லையே என்றும் வாதாடினார்கள். விஜி-10-ல் குரோமியம் 15 விழுக்காடு அளவில் இருக்கிறது. குரோமியம் கூடுதலாக உள்ள எஃகில் இந்த நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில்தான் தோன்றும். நிறம் இல்லை என்பதால் சுடவில்லை என்று ஆகாது. சின்ன அரம் ஒன்றை விளிம்பில் மெதுவாக வைத்து இழுத்துப் பார்த்தேன். கைப்பிடிப் பக்கம் அரம் வழுக்கி ஓடுகிறது, முனைப் பக்கம் கடிக்கிறது, அதாவது அங்கே எஃகு இளகிவிட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போதாததற்குக் கைப்பிடிப் பக்கத்தில் அதிகமாகத் தேய்த்து ஒரு குழி வேறு. தட்டையான பலகையில் நிறுத்தினால் அடியில் வெளிச்சம் தெரிகிறது. வெங்காயத்தாள் நறுக்கினால் அறுபடாமல் மாலை போலத் தொங்குகிறது.

இவ்வளவும் சக்கரம் செய்தது. இதற்குப் பிறகு இன்னொரு கொடுமையும் நடந்திருக்கிறது. நக்கிரியின் மரக் கைப்பிடி ஊதியிருந்தது. கொம்பு வளையத்தில் நீளவாக்கில் வெடிப்பு. அலகு கைப்பிடிக்குள் போகும் இடத்தில் வெள்ளைப் பொடி, அதன் கீழே பழுப்புத் தண்ணீர் வடிந்த தடம். கியூட்டோவில் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள். "எதுல கழுவினீங்க?" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டதற்குப் பெருமையாகவே பதில் வந்தது: "சுகாதாரத்துக்காக எல்லாக் கத்தியையும் டிஷ்வாஷரில் கழுவித்தான் தருவோம், உணவகத்துல உள்ள பெரிய மிஷின், கடைசித் தண்ணி 82 டிகிரி."

82 டிகிரியில் எஃகின் பதம் போகாது, அது உண்மை. அவர்களும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். கெடுப்பது வேறு. டிஷ்வாஷர் சோப்பு நாம் கையால் தேய்க்கும் சோப்பு மாதிரி அல்ல. கடும் காரம், பிஎச் 10-க்கு மேல். உணவக எந்திரத்துச் சோப்பில் பல நேரம் குளோரின் வெளுப்பானும் சேர்ந்திருக்கும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேல் தானாக உண்டாகும் குரோமியம் ஆக்சைடு படலம். அந்த வெளுப்பானிலிருந்து வரும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே ஓட்டை போட்டு உள்ளே இறங்கும். கரும்புள்ளி அப்படி வந்ததுதான். தேய்த்தால் மேல்கறை போகும், குழி போகாது. குழி விளிம்பில் விழுந்திருந்தால் அங்கே எப்போது தீட்டினாலும் பொடிப்பொடியாக உடையும். ஆவோகாமியில் காக்கிற அளவுக்குக் குரோமியமே கிடையாது. நாள்பட நறுக்கி நறுக்கி ஏறிய சாம்பல்நீலப் படிவுதான் அதற்குக் கவசம். அதையும் காரம் உரித்துவிட்டது. ஈரச் சூட்டில் கிடந்து செம்மண் நிறத்தில் துரு பூத்துவிட்டது.

கைப்பிடி கதை இன்னும் மோசம். மக்னோலியா மென்மையான மரம், வெந்நீரை உறிஞ்சி ஊதும், காயும்போது சுருங்கிப் பிளக்கும். கொம்பு என்பது நம் நகமும் முடியும் போலக் கெரட்டின். காரம் கெரட்டினை அரிக்கும். ஊறிய கொம்பைச் சூட்டில் காய வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? கைப்பிடிக்குள் போகும் இரும்புத் தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கிவிட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் அது காயவே காயாது. உள்ளுக்குள்ளேயே துரு பருத்து மரத்தைப் பிளக்கும். ஒருநாள் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே அலகு கழன்று வரும், அது கைக்கே ஆபத்து. இதோடு, தண்ணீர் வேகத்தில் கத்தி ஆடி, கூடைக் கம்பியிலும் மற்ற கத்திகளிலும் மோதும். 60-க்கு மேல் கடினமான எஃகு அந்த மோதலில் வளையாது, சில்லு சில்லாகப் பெயரும். கியூட்டோவில் கடுகளவு உடைப்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது வரிசையாக உடைப்பு.

சரி செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். சுட்ட விளிம்பைத் தண்ணீர் விட்டு 2, 3 மில்லிமீட்டர் அளவுக்கு முழுதாகத் தேய்த்து எறிய வேண்டும். அப்படித் தேய்த்தால் விளிம்பு தடித்த பகுதிக்கு ஏறிவிடும், பிறகு இரண்டு பக்கமும் மெலிதாக்க வேண்டும், நக்கிரிக்குப் புதுக் கைப்பிடி போட வேண்டும். கையால் செய்பவர் நியாயமாகக் கேட்கும் கூலி புதுக் கத்தி விலையை எட்டிவிடும். அதனால்தான் 1,180 ரிங்கிட்டும் போனது என்று எழுதுகிறேன்.

இனி அவர்கள் கைகழுவிய விதம். முதலில், "ஜப்பான் கத்தின்னா துரு வரத்தான் செய்யும் அண்ணே." படம் அனுப்பியதும், "சூப்பர்வைசர் அவுட்ஸ்டேஷன், வந்ததும் கூப்பிடுவார்." கூப்பிடவே இல்லை. நேரில் போனால் கவுண்டரில் வேறு ஆள். அன்று 15 டிகிரி பேசியவர் வேறு கிளைக்குப் போய்விட்டாராம். பிறகு, "பணம் செயலிக்குத்தானே கட்டினீங்க, அங்க கேளுங்க." செயலியில் கேட்டால், "சேவை முடிந்தது எனப் பதிவாகிவிட்டது, கடையை அணுகவும்." திரும்பக் கடைக்கு. ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பி, சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற பொடி எழுத்தைக் காட்டினார்கள். கடைசியாக நேற்று இரவு வந்த பதில்: நல்லெண்ணமாக 15 ரிங்கிட் வவுச்சர், அடுத்த சாணைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். 1,180 ரிங்கிட் பொருளைக் கெடுத்துவிட்டு, இன்னொரு கத்தியையும் கொண்டுவா என்கிறார்கள்!

அந்தப் பொடி எழுத்துக்குப் பயப்படாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் தரும் உரிமையை ரசீதில் ஒரு வரி எழுதி ரத்து செய்ய முடியாது என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது. பயனீட்டாளர் திரிபியூனலில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் பெயரை இங்கே போடவில்லை. ரசீது, முன்பும் பின்பும் எடுத்த படங்கள், டிஷ்வாஷரில் போட்டோம் என்று அவர்களே எழுதிய புலனச் செய்தி, எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

பராமரிப்பு பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

கத்தி கொடுக்கும் முன் இரண்டு பக்கமும், விளிம்பும், கைப்பிடியும் தெரியப் படம் எடுங்கள். எங்கே வைத்துத் தீட்டுகிறார்கள், எதில் கழுவுகிறார்கள், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கண் முன்னால் தீட்ட மாட்டேன் என்றால் கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

திருப்பி வாங்கும்போது தாளில் பார்க்காதீர்கள், ஒரு தக்காளி கொண்டுபோங்கள். எடை கொடுக்காமல் தோலில் இறங்க வேண்டும்.

எந்த நல்ல கத்தியையும், ஜெர்மன் கத்தியானாலும், டிஷ்வாஷரில் போடாதீர்கள். புளி, எலுமிச்சை, தக்காளி பட்டால் உடனே கழுவித் துடையுங்கள். கார்பன் எஃகுக்கு உணவுத்தர மினரல் எண்ணெய் ஒரு சொட்டு போதும், சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

கையில் 1000 எண் கல் ஒன்று இருந்தால் வீட்டிலேயே தீட்டலாம். அந்தக் கவுண்டர் எந்தப் பேரங்காடி என்று தெரிய வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.