கணவாயா, மலைச்சாலையா? இரவு நடைக்கு நான்கு பேர் அணியைத் தயார்படுத்துவது

நிதி திரட்டும் இரவு நடைக்குப் பெரும்பாலும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: நான்கு பேர், 50 கி.மீ., மாலை 6 மணிக்குக் கிளம்பி காலை 6 மணிக்குள் நால்வரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். (இந்த வகையில் பெயர்பெற்றது, 1981இல் ஹாங்காங்கில் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கிய டிரெயில்வாக்கர். அது 100 கி.மீ., 48 மணி நேரம்.) மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடை மட்டுமே 10 மணி நேரம் பிடிக்கும். மிச்சமிருப்பது இரண்டே மணி நேரம். பெரும்பாலான அணிகள் கோட்டை விடுவது இந்த இரண்டு மணி நேரத்தில்தான். நால்வரும் ஆளுக்கு ஐந்து முறை, தனித்தனியாக, நான்கு நிமிடம் நின்றால் 80 நிமிடம் போய்விடும். அதனால் கீழே எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒரே கேள்விதான்: நால்வரில் மெதுவாக நடப்பவர் நிற்காமல் நடக்க எது உதவும்?

பொள்ளாச்சி சாலையா, செங்கோட்டைச் சாலையா

தமிழக–கேரள எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குப் பழகுவதற்கு இரண்டு நல்ல சாலைகள் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு போவது ஒன்று, சுமார் 45 கி.மீ. செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போவது இன்னொன்று, சுமார் 50 கி.மீ.

பாலக்காட்டுக் கணவாய்ச் சாலையில் மேடு பள்ளம் தெரியாது. மொத்தமே சுமார் 200 மீட்டர் இறக்கம், அதுவும் 45 கி.மீ.க்குப் பரவிக் கிடக்கிறது. இங்கே சோதிப்பது காற்று. கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மேற்கே பாலக்காடு நோக்கி நடந்தால் அது முதுகில் தள்ளும், திரும்பி வந்தால் முகத்தில் அடிக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் குறைவது தெரியாது. உதடு வெடித்த பிறகுதான் உறைக்கும். ஆனி, ஆடியில் காற்று திசை மாறிச் சாரலோடு மேற்கிலிருந்து வரும். நனைந்த சாக்ஸோடு நடந்து பழக அதுவே சரியான பருவம்.

செங்கோட்டைப் பக்கம் ஏற்றம் குறுகியது, ஆனால் செங்குத்து. புளியரை தாண்டி வளைவுகளில் ஏறிக் கோட்டைவாசலைக் கடந்ததும் புனலூர் வரை பெரும்பாலும் இறக்கம். இறக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். தொடையின் முன்தசை ஒவ்வோர் அடியிலும் பிரேக் பிடிப்பதால் வலி மறுநாள்தான் முழுசாகத் தெரியும். கால் முன்னால் சறுக்கி ஷூவின் நுனியில் இடித்து, பெருவிரல் நகம் கறுக்கும். இதற்கு ஷூவின் மேல் கடைசித் துளையில் லேஸை வளையமாக விட்டு, எதிர்ப்பக்க முனையை அதற்குள் கோத்து இறுக்கினால் குதிகால் நகராது. நகத்தை நான்கைந்து நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

அந்தச் சாலையில் இரவில் நடக்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஆரியங்காவும் தென்மலையும் யானை நடமாடும் காட்டுப் பகுதி. நடந்தே தீர வேண்டுமென்றால் வனத்துறையிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்களின் வேன்கள் விடிய விடிய ஓடும். டீ கிடைக்கும், ஆனால் தூக்கம் சொக்கும் டிரைவர்களும் எதிரே வருவார்கள். ஆகவே மலைச்சாலை பகலுக்கு, கணவாய்ச் சாலை இரவுக்கு. மாதம் ஒரு முறை புளியரை ஏற்ற இறக்கத்தில் 15 கி.மீ. போதும்.

இரண்டிலும் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். வளைவில் மட்டும் விதி மாறும். வலப்பக்கம் வளைவின் உள்பக்கமாக வந்தால், வருகிற வண்டிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். வளைவுக்கு முன்பே வெளிப்பக்கத்துக்குக் கடந்துவிட்டு, தாண்டியபின் திரும்புங்கள். ஒளிரும் மேலங்கி நால்வருக்கும் வேண்டும். கடைசி ஆளின் முதுகில் சிவப்பு மினுக்கு விளக்கு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நள்ளிரவில் தெருநாய்க் கூட்டம் வந்தால் ஓடாமல் சேர்ந்து நில்லுங்கள். கையில் ஒரு கோல் இருந்தால் நல்லது.

பழனி நடந்த கால்கள்

எந்த அணியிலும் ஒருவர் சொல்வார்: "நான் தைப்பூசத்துக்குப் பழனி வரை நடந்தவன், எனக்கென்ன பயிற்சி?" அவர் கால் பழகிய கால்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதயாத்திரையில் கடிகாரம் கிடையாது. வெயில் ஏறினால் மண்டபத்தில் படுக்கலாம், அன்னதானப் பந்தலில் உட்காரலாம், கூட்டம் முன்னே போனாலும் பரவாயில்லை. இங்கே 15 நிமிடம் உட்கார்ந்தாலே முழங்கால் விறைத்துக்கொள்ளும், நேரமும் போகும். யாத்திரை அனுபவசாலியை முன்னால் விடாதீர்கள், அவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். முன்னால் போக வேண்டியவர் மெதுவானவர்தான்.

ஒரே நீண்ட நடையா, இரண்டாகப் பிரித்ததா

பன்னிரண்டு வாரம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு ஒரே மூச்சில் 30 கி.மீ. போவது ஒரு வழி. சனி இரவு 18, சில மணி நேரம் தூங்கி ஞாயிறு காலை 12 என்று பிரிப்பது மற்றொன்று. பிரித்து நடந்தால் களைத்த காலோடு நடக்கப் பழகும், காயமும் குறையும், வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவரும். ஆனால் ஏழாவது மணி நேரத்தில் குதிகால் எப்படி இருக்கும், வயிறு எதை ஏற்கும் என்பதை அது காட்டிக்கொடுக்காது. முதல் ஏழு வாரம் பிரித்தது, எட்டு, ஒன்பதில் நீண்டது. ஒன்பதாவது வாரம் 33 கி.மீ. வரை போனால் போதும். 50ஐ முன்னாலேயே நடந்து பார்க்கத் தேவையில்லை. நான்கு வாரத்துக்கு ஒரு முறை தூரத்தைக் குறையுங்கள், கடைசி இரண்டு வாரம் பாதிக்கும் கீழே.

இரண்டு நடையாவது இரவு 9 மணிக்குத் தொடங்கி அதிகாலை 4 வரை நீள வேண்டும். உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம் அது. பகலில் சிரித்துக்கொண்டு 25 கி.மீ. போகிறவர் மூன்றரை மணிக்கு வாய் பேசாமல் தள்ளாடுவார். அணியில் யார் அப்படி என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

காலுக்கு

மலையேற்ற பூட்ஸா, ஓடுகிற ஷூவா? தார்ச்சாலைக்கு ஓடுகிற ஷூதான். பூட்ஸ் கனம், நனைந்தால் காயாது. கால் வீங்குமென்பதால் வழக்கத்தைவிட அரை அல்லது ஒரு சைஸ் பெரிதாக, மாலையில் கடைக்குப் போய், நடைக்குப் போடும் சாக்ஸோடு வாங்குங்கள். புது ஷூவில் 50 கி.மீ. இறங்கவே கூடாது.

பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை ஊற வைக்கும். ஊறிய தோல்தான் உரசலில் கொப்புளமாகும். செயற்கை இழை சாக்ஸ் போட்டு, 25ஆவது கி.மீ.யில் காலைத் துடைத்துவிட்டு மாற்றுங்கள். வாஸ்லினா பவுடரா என்றால் தொடை இடுக்குக்கு வாஸ்லின் தயக்கமின்றி. பாதத்தில் அதைத் தடவினால் பிறகு டேப் ஒட்டாது, ஏதாவது ஒன்றை முன்பே முடிவு செய்யுங்கள். மைக்ரோபோர் (மெல்லிய காகித டேப்) நனைந்தால் உரியும். ஜிங்க் ஆக்ஸைடு பிளாஸ்திரி நிற்கும். சின்ன பேண்டெய்ட் சுருண்டு தானே கொப்புளம் உண்டாக்கும்.

பாதத்தில் ஓர் இடம் உரசிச் சூடாகத் தெரிந்த உடனே அந்த நபர் சொல்ல வேண்டும், அணி உடனே நிற்க வேண்டும். மூன்று நிமிட டேப் வேலை அது. ஒருவர் சங்கோஜப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை பொறுத்தால் நால்வருக்கும் 40 நிமிடம் நட்டம். சிறு கொப்புளத்தை உடைக்காதீர்கள். நடக்கவிடாத பெரியதானால் பெட்டடைன் தடவி, சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை அப்படியே விட்டு மூடுங்கள்.

தட்டுக்கடையா, கட்டுச்சோறா

இரவு தட்டுக்கடையில் பரோட்டா கூப்பிடும். எண்ணெயும் மைதாவும் மூன்று மணி நேரம் வயிற்றில் கிடக்கும், அங்கே போகாதீர்கள். கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) மட்டும் இரண்டு மணிக்கு மேல் ஒன்று. பாதி வழியில் உப்புப் போட்ட கஞ்சியும் பயறும் கிடைத்தால் அதைவிட உசத்தி வேறில்லை. நடந்துகொண்டே தின்ன நேந்திரம்பழம், கடலைமிட்டாய், உப்புக்கு நேந்திரங்காய் சிப்ஸ். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் சரி. தண்ணீர் மணிக்கு சுமார் அரை லிட்டர், தாகத்துக்கு ஏற்ப. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைச்சுற்றலும் வாந்தியும் வரும். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டருக்கு முழுசாகக் கலக்குங்கள், பாதி பாதியாக அல்ல. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வழியில் வேண்டாம். நீர் குறைந்த உடலில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

கூடவே வரும் காரா, காத்திருக்கும் காரா

பின்னாலேயே ஊர்ந்து வரும் கார் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் பின்னால் வரும் லாரிக்கு அதுதான் ஆபத்து. ஹெட்லைட் உங்கள் நிழலையே பாதையில் விழவைக்கும், கதவைத் திறந்து ஏறிவிடும் ஆசையும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வரும். 8 கி.மீ.க்கு ஒரு முறை முன்னே போய்ச் சாலையை விட்டு இறங்கிக் காத்திருக்கும் கார்தான் எங்கள் தேர்வு. டிரைவர் இருவர், ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க. நிறுத்தம் பத்து நிமிடம், டைமர் வைத்து. பெண்கள் இருக்கும் அணியானால் கழிப்பறை திறந்திருக்கும் பெட்ரோல் பங்குகளைப் பகலிலேயே கேட்டுவைத்து, நிறுத்தங்களை அங்கேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

நன்கொடை

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவது கேட்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் முழங்கால் வீங்கியவரும் 'எனக்காகப் பணம் குறையுமே' என்று நொண்டிக்கொண்டே நடப்பார். மொத்தத் தொகையாக, நடைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வரிச்சலுகை ரசீது கேட்பவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அவருக்குச் சலுகை கிடைக்காது, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

முடித்தவர் யாரும் அன்று காலை வண்டி ஓட்டக் கூடாது, இருசக்கர வாகனம் உட்பட. வீட்டுக்குத் திரும்ப பஸ்ஸோ, தூங்கி எழுந்த அந்த இரண்டாவது டிரைவரோ இருக்கட்டும்.