இந்திய மிக்-21 மாடல்: எட்வர்டா, அகாடமியா, டிரம்பீட்டரா?

"மிக்-21 போர் விமானத்தின் மாடல் கட்ட வேண்டும், எந்த நிறுவனத்தின் கிட் (பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி) நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த மிக்-21 என்றுதான். 1963-இல் சண்டிகருக்கு வந்து சேர்ந்த முதல் தொகுதிக்கும், 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்ற, மேம்படுத்தப்பட்ட கடைசி வகையான பைசன்களுக்கும் பெயர் மட்டுமே ஒன்று. மூக்கு, முதுகு, வால், விமானி அறைக் கண்ணாடி எல்லாம் வேறு. தவறான வகையின் பெட்டியை வாங்கிவிட்டால் எவ்வளவு நேர்த்தியான வார்ப்பாக இருந்தாலும் பயனில்லை.

நம் விமானப்படையின் வகை எண்களை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. டைப் 74 என்பது சோவியத் பெயரில் எஃப்-13. மூக்கு சிறுத்தது, கண்ணாடி மூடி முன்விளிம்பில் கீல் வைத்து மேலெழும். டைப் 77 என்பது எஃப்எல். ரேடாருக்காக மூக்கு பெருத்துவிட்டது, உடலுக்குள் பீரங்கி கிடையாது. 1971 போரில் இது வயிற்றுக்கடியில் ஜிபி-9 பீரங்கிக் கூட்டைச் சுமந்து பறந்தது. டைப் 96 என்பது எம்; இதில் முதுகு தடித்தது, பீரங்கி உடலுக்குள் போய்விட்டது, இறக்கை ஒவ்வொன்றிலும் இரண்டு ஆயுதத் தாங்கிகள். டைப் 75 என்பது பிஸ். முதுகு இன்னும் அகலம், உள்ளே ஆர்-25 எஞ்சின். இரட்டை இருக்கைப் பயிற்சி விமானமான யுஎம்முக்கு டைப் 69 என்று பெயர். இந்த ஐந்தையும் ஒரே நிறுவனத்தின் கிட்டுகளால் கட்டிவிட முடியாது என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கே காரணம்.

அளவு பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மிக்-21-இன் இறக்கை விரிவு 7.15 மீட்டர்தான். 1/48-இல், அதாவது அசலை 48 மடங்கு சிறிதாக்கிய அளவில், அது 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். புத்தக அலமாரியின் சாதாரணத் தட்டே போதும். 1/72-இல் பத்து சென்டிமீட்டர். 1/32-இல் டிரம்பீட்டரின் எம்எஃப் (டைப் 96-ஐப் பெரிதும் ஒத்த வகை) கிடைக்கிறது, ஆனால் பெரிய மாடலில் நுணுக்கம் குறைந்தால் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியும். என் தேர்வு 1/48. கீழே சொல்வது பெரும்பாலும் அந்த அளவைப் பற்றியது.

செக் நாட்டு எட்வர்ட் 2011-இல் எம்எஃப்பை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து பிஸ், எஸ்எம்டி, பிஎஃப், பிஎஃப்எம், ஆர் என்று மிக்-21 வகைகளின் குடும்பத்தையே கொண்டுவந்துவிட்டது. 1/48-இல் இதற்கு நிகரான ஒற்றை இருக்கை மிக்-21 வேறு இல்லை என்பது என் முடிவு. உடல் முழுவதும் மெல்லிய பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடங்கள்), அவற்றை ஒட்டி வரிசை வரிசையாக ரிவெட்டுகள் (தறையாணித் தலைகள்), வேகத்தடுப்பு மடல்களைத் திறந்து காட்டும் வசதி, சக்கரக் குழியின் சுவர்களில்கூடக் குழாய்கள். வர்ணம் பூசி, கரிய கழுவல் (நீர்த்த வர்ணம்) ஒன்று கொடுத்துத் துடைத்தால் ரிவெட்டுகள் தாமாகவே எழுந்து நிற்கும்.

ஆனால் இது முதல் மாடலாகக் கட்ட வேண்டிய கிட் அல்ல. விமானி அறை, மூக்குச் சக்கரக் குழி, பின்சக்கரக் குழிகள், புகைபோக்கிக் குழாய் எல்லாவற்றையும் முடித்து, இரண்டு உடற்பாதிகளுக்கு நடுவே அடைத்து மூட வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினாலும் பாதிகள் சேராது. பசை தொடுவதற்கு முன் உலர்பொருத்தம் பார்ப்பதில் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவழிக்கலாம், தவறே இல்லை. மூக்குக் கூம்புக்குள் ஈயக் குண்டு வைக்கவும் மறக்கக் கூடாது. உடலை மூடிய பிறகு அதற்கு வழியில்லை.

அடுத்த சிக்கல், இணைப்புக் கோடு. மிக்-21 ஒரு குழாய். முதுகிலும் வயிற்றிலும் நீளமாக ஓடும் கோட்டைப் புட்டி வைத்துத் தேய்த்தால் எட்வர்ட் பாடுபட்டுச் செதுக்கிய ரிவெட்டுகளும் சேர்ந்து போய்விடும். பச்சை, பழுப்பு உருமறைப்பு பூசப்போகிறீர்கள் என்றால் இதை ஓரளவு மறைத்துவிடலாம். அறுபதுகளின் வெற்று உலோக நிறம் என்றால் மறைக்கவே முடியாது. பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சின் மேல் உலோக வர்ணம் ஏறும்போது தலைமுடி அளவு கீறலும் கண்ணில் குத்தும். ரிவெட் சக்கரம் ஒன்றை வாங்கி, அழிந்த புள்ளிகளை மீண்டும் போடும் பொறுமை இல்லாதவர் உலோக நிறத்தின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

எட்வர்டிலேயே எந்தப் பெட்டி என்பது தனிக் கேள்வி. புரோஃபிபேக் பெட்டியில் வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடுகள், கண்ணாடிக்கான மறைப்பு ஒட்டிகள், பல நாடுகளின் டீகால்கள் (முத்திரை, எண் ஒட்டிகள்) வரும். வீக்எண்ட் பெட்டியில் பிளாஸ்டிக்கும் டீகாலும் மட்டும். விலை கணிசமாகக் குறைவு. தகட்டில் அச்சிட்ட கருவிப் பலகை பார்க்க அழகு. ஆனால் சோவியத் விமானி அறையின் அந்தப் பச்சைநீலம் நாம் பூசும் வர்ணத்தோடு எளிதில் ஒத்துப்போவதில்லை. பலகை ஒரு நிறம், பக்கச் சுவர் வேறு நிறம் என்று தெரியும். மூடியை மூடியே வைப்பவருக்கு வீக்எண்ட் பெட்டியும் தனியாக வாங்கிய மறைப்பு ஒட்டியும் போதும். இந்திய முத்திரைகளுக்குத் தனி டீகால்தான் வாங்கப்போகிறோம் என்னும்போது, பெட்டியில் வரும் பல நாட்டு டீகால்களுக்குப் பணம் தருவானேன்?

கொரியாவின் அகாடமி முந்தைய தலைமுறை கிட். எம்எஃப்பும், ருமேனியாவின் மேம்படுத்தப்பட்ட மிக்-21 ஆன லான்சரும் அதில் வந்திருக்கின்றன. குழிந்த பேனல் கோடுகள் உண்டு, ரிவெட் அலங்காரம் இல்லை, விமானி அறை எளிமையானது, விலை கையைக் கடிக்காது. இதை ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏர்பிரஷ் (காற்றால் வர்ணம் தெளிக்கும் கருவி) பிடிக்கக் கற்றுக்கொள்பவர், மிக்-21-இன் வடிவத்தை ஒரு முறை கையால் உணர விரும்புபவர், பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு சேர்ந்து கட்டுபவர் ஆகியோருக்கு எட்வர்டைவிட இதுதான் ஏற்றது. டைப் 96-க்கும் எம்எஃப்புக்கும் வெளித்தோற்ற வித்தியாசம் நுணுக்கமானது என்பதால் பச்சை, பழுப்பு பூசினால் நம்பும்படியான இந்திய விமானம் கிடைத்துவிடும்.

சீனத்து டிரம்பீட்டரிடம் போவதற்குக் காரணம், எட்வர்ட் தொடாத வகைகள் அங்கே இருப்பதுதான்: எஃப்-13, யுஎம். சோவியத் மிக்-21-இன் அதே வடிவத்தில்தான் சீனாவின் ஜே-7 போர் விமானம் தொடங்கியது என்பதால் அவர்கள் எஃப்-13-இல் அக்கறை காட்டியதில் வியப்பில்லை. சண்டிகரின் 28-ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவில்) தொடங்கிய கதையைக் கட்ட வேண்டுமானால் இந்தப் பெட்டிதான். எட்வர்டின் மேற்பரப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சற்று உயிரற்றதாகத் தெரியும். என்றாலும் டைப் 69 பயிற்சி விமானத்தை மாடலாகக் கட்ட நினைப்பவர் இதைத் தாண்டி அதிகம் தேட வேண்டியதில்லை.

சிக்கல் வருவது நம்மவர்கள் அதிகம் கேட்கும் இரண்டு விமானங்களில். முதலாவது, 1971-இன் எஃப்எல். எட்வர்டின் பிஎஃப் பெட்டி நல்ல தொடக்கம். கண்ணாடி மூடி சரி, மூக்கு சரி. எஃப்எல்லின் செங்குத்து வால் அகலமானது என்பதால், பெட்டிக்குள் எந்த வால், ஜிபி-9 கூடு உண்டா என்பதை ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டம்) படத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். எட்வர்ட் பல வகைகளுக்குப் பொதுவான ஸ்ப்ரூக்களைப் போடுவதால், பயன்படாத பாகங்கள் நிறைய மிஞ்சும். சில சமயம் நமக்கு வேண்டியது அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது, பைசன், அதாவது மேம்படுத்திய பிஸ். 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் ஓட்டியது இது என்பதால் தமிழ்நாட்டில் கேட்பவர்கள் அதிகம். கோயம்புத்தூர் சூலூரில் இன்று தேஜஸ் பறக்கவிடும் 45-ஆம் ஸ்குவாட்ரனும் ஒரு காலத்தில் மிக்-21 ஸ்குவாட்ரன்தான். எட்வர்டின் பிஸ்ஸை எடுத்து அப்படியே பைசன் ஆக்கிவிட முடியாது. முன்கண்ணாடி சட்டமில்லாத ஒற்றைத் துண்டு. கூடுதல் எச்சரிக்கை ஆன்டெனாக்கள், ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறி வீசிகள், ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள் எல்லாம் வேண்டும். ரெசின் மாற்றுப் பாகங்களைத் தேடிப் பிடித்தால் மட்டும் இதில் இறங்கலாம். கண்ணாடியை மாற்றாமல் சாம்பல் நிறத்தை மட்டும் பூசிப் பைசன் என்று சொல்வதைவிட, அதே கிட்டை மேம்படுத்தலுக்கு முந்தைய டைப் 75-ஆகக் கட்டுவது நேர்மையானது, வேலையும் பாதி.

1/72 பற்றி ஒரு சொல்: 2018-இல் வந்த எட்வர்டின் எம்எஃப், அந்த அளவில் பழைய கிட்டுகள் அனைத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. இடமும் பணமும் குறைவாக உள்ளவர் தயங்காமல் எடுக்கலாம். பாகங்கள் பொடிப்பொடியாக இருக்கும், நல்ல வெளிச்சமும் கூரிய இடுக்கியும் வேண்டும்.

எதை எடுத்தாலும் கிட்டுக்கு முன்னால் டீகாலை வாங்கிவிடுங்கள். நல்ல இந்திய டீகால் கிடைப்பதுதான் கடினம், கிட் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். 1971-இல் அந்தந்தத் தளத்திலேயே அவசரமாகப் பூசிய உருமறைப்புகள் விமானத்துக்கு விமானம் மாறுபட்டவை. டீகாலில் உள்ள வால் எண்ணுக்குரிய புகைப்படம் கிடைத்தால்தான் வர்ணத்தைத் தொட வேண்டும். சக்கர முத்திரையில் காவி நடுவில், வெள்ளை இடையில், பச்சை வெளியே. சில டீகால் ஏடுகளில் காவி செங்கல் சிவப்பாகவோ மாம்பழ மஞ்சளாகவோ அச்சாகிவிடுகிறது. கணினித் திரையில் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. ஏற்கெனவே அந்த ஏட்டை ஒட்டி முடித்த யாராவது ஒருவரின் மாடலைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாகக் கேட்டு வாங்குங்கள்.